அண்ணனிடம் அறைக்குக் காசு வாங்கலாமா?

கெடா மாநிலம் பாடாங் செராயிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

வயது 47. கிளினிக் ஒன்றில் கிராணி வேலை. கணவர் கூலிம் தொழிற்சாலையில் டெக்னீஷியன். பெற்றோர் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர்கள். அப்பா காலமானபின் அண்ணன் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தித் தோட்ட வேலைக்குப் போய், தங்கையை ஐந்தாம் படிவம்வரை படிக்க வைத்திருக்கிறார். 2014இல் பேரங்காடி ஒன்றில் நடந்த விளம்பர நிகழ்ச்சியில் கணவனும் மனைவியும் டைம்ஷேர் உறுப்பியத்தில், அதாவது ஆண்டுதோறும் விடுதிகளில் சில இரவுகள் தங்கும் உரிமையை முன்கூட்டியே விலைக்கு வாங்கும் திட்டத்தில், கையெழுத்திட்டார்கள். விலை 24,000 வெள்ளி (ரிங்கிட்), தவணையில் கட்டி முடித்தாயிற்று. காலம் 30 ஆண்டு. ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் 1,120 வெள்ளி. அதற்கு ஈடாக ஆண்டுக்கு 10,000 புள்ளிகள். சாதாரண நாள் ஓர் இரவுக்கு 1,000 புள்ளி, வெள்ளி சனி இரவுகளுக்கு 1,500, பள்ளி விடுமுறையிலும் பெருநாள் காலத்திலும் 2,500.

இப்போது இந்தப் புள்ளிகளில் தங்க உறவினர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கிள்ளானிலிருக்கும் அண்ணன், அம்மாவையும் தம் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு ஆண்டிறுதி விடுமுறையில் கேமரன் மலையில் மூன்று இரவு தங்க விரும்புகிறார். நாத்தனார், மாமனார் மாமியாரின் ஐம்பதாவது திருமண நாளுக்கு இரண்டு இரவு கேட்கிறார். சித்தி மகன் சென்ற ஆண்டு நண்பர்களோடு பத்து ஃபிரிங்கியில் நான்கு இரவு தங்கிவிட்டுக் காசே கொடுக்கவில்லை. போதாக்குறைக்கு உடைந்த கண்ணாடி மேசைக்கு 350 வெள்ளியை விடுதி இவரிடம் வசூலித்திருக்கிறது. “வாங்கிய விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டு வாங்கு” என்கிறார் கணவர். “சொந்தத்துக்குள்ளே வாடகையா?” என்கிறார் அண்ணி. எல்லோரும் மாதாமாதம் பணம் போட்டுக் குலுக்கலில் எடுத்துக்கொள்ளும் கூட்டு ஒன்று கட்டலாம் என்கிறார் கொழுந்தன். யாரிடம் எவ்வளவு வாங்கலாம் என்பதுதான் சகோதரியின் கேள்வி. இடையில் ஒரு வரி: “இரண்டு வருஷமாக நாங்கள் எங்கும் போகவில்லை, ஐயா.”

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரு தொகை. அதைச் சொல்கிறேன். ஆனால் தொகைக்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. உறவினர் உங்கள் புள்ளியில் தங்குவது மூன்று விதமாக இருக்கலாம். நீங்கள் அழைத்த விருந்தாக இருக்கலாம். செலவில் பங்காக இருக்கலாம். வாடகையாக இருக்கலாம். விருந்து என்றால் ஒரு சென்கூட வாங்கக்கூடாது. பங்கு என்றால் முழுப் பங்கையும் கூசாமல் வாங்க வேண்டும். வாடகை உங்கள் வழியல்ல, ஏன் என்று கீழே சொல்கிறேன். குடும்பங்களுக்குள் நான் பார்த்த மனக்கசப்பில் பெரும்பகுதி, “ஏதோ கொடுங்கள், உங்களுக்குத் தெரியாததா” என்று விருந்துக்கும் பங்குக்கும் நடுவில் நின்றதால் வந்தது. நூறு வெள்ளி கொடுத்தவர் தாம் காசு கொடுத்துத் தங்கியதாக நினைப்பார். நூறு வெள்ளி வாங்கியவர் தாம் பெரிய உதவி செய்ததாக நினைப்பார். இருவருமே பொய் சொல்லவில்லை. அதனால்தான் அந்தச் சண்டையைத் தீர்ப்பது கடினம்.

முதலில் உங்கள் வீட்டுக்கு எடுத்து வையுங்கள்

அண்ணன் கேட்ட மூன்று இரவுக்கு 7,500 புள்ளி. நாத்தனார் வார இறுதியில் கேட்டால் இரண்டு இரவுக்கு 3,000. கூட்டினால் 10,500. உங்களிடம் இருப்பதே 10,000தான். யாரிடம் எவ்வளவு வாங்கலாம் என்று இரவெல்லாம் யோசித்த நீங்கள், இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்கவில்லை. உங்கள் பிள்ளைகளுக்கு அதில் ஓர் இரவுகூட இல்லை என்பது என்னை வருத்தியது.

கெடாவில் இருப்பதில் உங்களுக்கு ஒரு வசதி உண்டு. உங்கள் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வியாழன் இரவும் வெள்ளி இரவும் தங்கினால் 1,000ம் 1,500மாக 2,500 புள்ளியில் முடிந்துவிடும். கிள்ளான்காரர் அதே இரண்டு இரவை வெள்ளி, சனி என்று எடுத்தால் 3,000 ஆகும். ஆகவே 2,500 புள்ளியை இப்போதே உங்கள் குடும்பத்துக்கு ஒதுக்கிப் பதிவும் செய்துவிடுங்கள். மாமனார் மாமியாருக்குச் சாதாரண நாளில் இரண்டு இரவு, 2,000. அண்ணனுக்கு விடுமுறைக் காலத்தில் மூன்றுக்குப் பதில் இரண்டு இரவு, 5,000. மொத்தம் 9,500. மிச்சம் 500 புள்ளியை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். “பயன்படுத்தாவிட்டால் வீண்தானே, கிடைத்தது லாபம்” என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாத் திட்டங்களிலும் அப்படி இல்லை. சிலவற்றில் உரிய தேதிக்கு முன் தெரிவித்தால் புள்ளிகளைச் சேமித்து வைக்கலாம். ஒப்பந்தத்தைப் பார்க்காமல் அவசரப்பட்டு அள்ளிக் கொடுக்காதீர்கள்.

தொகை

பராமரிப்புக் கட்டணம் 1,120 வெள்ளியை 10,000 புள்ளியால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 11.2 சென். சாதாரண நாள் இரவு 112 வெள்ளி, வார இறுதி 168, விடுமுறைக் காலம் 280. பங்கு என்று முடிவு செய்தால் வாங்க வேண்டியது இதுதான்.

உங்கள் கணவரின் கணக்கு வேறு. 24,000ஐ 30 ஆண்டுக்குப் பிரித்து, ஆண்டுக்கு 800ஐயும் சேர்த்து, புள்ளிக்கு 19.2 சென் என்கிறார். கணக்கில் பிழையில்லை, ஆனால் அதை உறவினர் தலையில் வைப்பது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. அந்த 24,000 அவர்கள் வந்தாலும் வராவிட்டாலும் போனதுதான். உங்கள் குடும்பத்தின் விடுமுறைக்கென்று நீங்கள் இருவரும் எடுத்த முடிவு அது. அண்ணனைக் கேட்டு எடுத்ததல்ல. பராமரிப்புக் கட்டணம் அப்படியல்ல. அது ஆண்டுதோறும் உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது, அந்த ஆண்டு யார் தங்கினார்களோ அவர்களுக்காகவும் போகிறது. நடைமுறைக் காரணமும் ஒன்று உண்டு. கணவர் கணக்குப்படி சாதாரண நாள் இரவு 192 வெள்ளி. அதே அறை இணையத்தில் 180க்குக் கிடைப்பதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சொந்தக்காரருக்கு வெளிச் சந்தையைவிட அதிகம் சொல்லிவிட்டு உறவையும் எதிர்பார்க்க முடியாது.

விடுமுறைக் காலத்தில் நிலைமை தலைகீழ். வெளியில் 620 வெள்ளிக்குப் போகும் அறையை நீங்கள் 280க்குக் கொடுக்கிறீர்கள். அதுவே பெரிய உதவி. அதற்கு மேலும் பாதி குறைக்க வேண்டுமா என்று குற்ற உணர்வோடு கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம்.

புள்ளிக் கணக்கில் சேராதவை தங்குபவர் பொறுப்பு: கூடுதல் ஆள் கட்டணம், கூடுதல் மெத்தை, துப்புரவுக் கட்டணம் இருந்தால் அது. சிங்கப்பூரிலிருக்கும் உங்கள் மாமா எப்போதாவது வந்து தங்கினால், வெளிநாட்டவருக்கு அறைக்கு இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி உண்டு. மலேசியக் குடிமக்களுக்கும் நிரந்தர வாசிகளுக்கும் அது இல்லை. பணத்தைப் பதிவு செய்யும் நாளிலேயே டூயிட்நவ் (வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் சேவை) வழி வாங்கிவிடுங்கள். தங்கி முடித்தபின் கேட்பது உங்களுக்கு வராது என்பது சித்தி மகன் விஷயத்திலேயே தெரிந்துவிட்டது. இரத்து செய்தால் புள்ளி திரும்பாத தேதி எது என்பதையும் அன்றே சொல்லிவிடுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு வர முடியாது என்றால் பணமும் திரும்பாது.

மாமனார் மாமியார் விஷயத்தில் அவர்களிடம் எதுவும் கேட்க வேண்டாம். இரண்டு சாதாரண இரவு 224 வெள்ளி. உங்கள் கணவர், நாத்தனார், கொழுந்தன் மூவரும் ஆளுக்கு ஏறத்தாழ 75 வெள்ளி போட்டால் அது மூன்று பிள்ளைகளும் சேர்ந்து செய்த சிறப்பு ஆகும். இப்போது இருக்கிற நிலையில் நாத்தனார் செய்ததாகப் பெயர், செலவு உங்களுடையது. அதை மாற்றிக் கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அண்ணன்

இதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தீர்கள் என்று நினைக்கிறேன். “எனக்காக மரம் வெட்டப் போனவரிடம் எப்படிக் காசு கேட்பது? கேட்காமல் விட்டால் ஒவ்வொரு வருஷமும் கேட்பாரே?” என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு வாக்கியமும் உண்மை. இரண்டையும் ஒரே விலையால் தீர்க்கப் பார்ப்பதால்தான் உங்களுக்கு இந்தத் திண்டாட்டம்.

இந்த ஆண்டு அண்ணனையும் அம்மாவையும் விருந்தாக அழையுங்கள் என்பதுதான் என் கருத்து. இரண்டு இரவு. 560 வெள்ளி உங்கள் செலவு. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். “அண்ணே, இந்தத் தடவை நீங்கள் என் விருந்தாளி. நான் வருஷத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் கட்டுகிறேன், அதில் இது உங்களுக்கும் அம்மாவுக்கும் நான் செய்வது” என்று சொல்லுங்கள். நீங்கள் ஆண்டுதோறும் பணம் கட்டுவது உங்கள் அண்ணிக்குத் தெரியுமா? கடிதத்தைப் படித்தால் தெரியாது என்றே தோன்றுகிறது. ஒருமுறை வாங்கினோம், இனி காலமெல்லாம் சும்மா கிடைக்கிறது என்றுதான் வெளியில் இருப்பவர்கள் டைம்ஷேரைப் பற்றி நினைக்கிறார்கள். “வாடகையா?” என்ற கேள்வி அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். கட்டண ரசீதைக் காட்டினால் அந்தப் பேச்சு பெரும்பாலும் நின்றுவிடும்.

அடுத்த முறையிலிருந்து அண்ணனுக்கும் பங்குக் கணக்குதான் என்பதையும் அதே பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். உங்களைப் படிக்க வைத்த கடனை அறை இரவுகளால் அடைக்க முடியாது. அப்படி அடைக்கப் பார்ப்பது அவர் செய்ததைச் சிறிதாக்கிவிடும். அந்தக் கடனுக்கு நீங்கள் செலுத்தும் நன்றி வேறு இடங்களில் இருக்கிறது. அம்மாவின் மருந்துச் செலவை நீங்கள் ஏற்றிருப்பதாக எழுதியிருந்தீர்கள், அதுவும் அதில் ஒன்று.

சட்டத்தில் உங்கள் நிலை

நாட்டில் டைம்ஷேர் திட்டங்கள் ஸ்கிம் கெபெந்திஙான் சட்டம் 2016இன் (ஆங்கிலத்தில் Interest Schemes Act) கீழ் வருகின்றன. மேற்பார்வை, எஸ்.எஸ்.எம். என்று நாம் அழைக்கும் மலேசிய நிறுவனங்கள் ஆணையத்தினுடையது. உறவினரிடம் செலவுப் பங்கு வாங்கக்கூடாது என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை. உங்களைக் கட்டுப்படுத்துவது நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் நிறுவனத்தின் விதிகளும். வணிக நோக்கில் அறையை வாடகைக்கு விடக்கூடாது என்ற விதி இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும்; மீறினால் உறுப்பியத்தை நிறுத்தி வைக்கவும் இடம் இருக்கலாம். செலவைப் பகிர்வதற்கும் லாபம் வைத்து விடுவதற்கும் உள்ள கோட்டைத் தாண்டாதீர்கள். பேஸ்புக்கில் விளம்பரம் போடலாமா என்ற உங்கள் மகளின் யோசனையை இப்போதே கைவிடச் சொல்லுங்கள். வாடிக்கையாக லாபத்துக்கு விட்டால் அது வருமான வரி வாரியத்திடம் அறிவிக்க வேண்டிய வருமானமாகவும் ஆகிவிடும். டைம்ஷேர் உறுப்பினர்கள் தங்கும் உரிமையை மாற்றிக்கொள்ள உதவும் ஆர்.சி.ஐ. போன்ற பரிமாற்ற நிறுவனத்தின் வழி வேறு விடுதியில் அறை எடுத்தால் விதி இன்னும் கடுமை. விருந்தினர் சான்றிதழ் எடுக்க வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு, அந்த அறையைக் காசுக்கு விற்கக்கூடாது.

“தங்கியவர்தானே உடைத்தார், நான் ஏன் கட்ட வேண்டும்?” என்று கேட்டீர்கள். நிறுவனத்துக்குத் தெரிந்தவர் நீங்கள் மட்டுமே. உங்கள் பெயரில் போகும் விருந்தினர் செய்யும் சேதத்துக்கு உறுப்பினரே பொறுப்பு என்பதுதான் வழக்கமான விதி. கட்டிவிட்டு, சேதம் செய்தவரிடமிருந்து வாங்குவது உங்கள் பாடு. ஆகவே இனிமேல் தங்கப்போகும் எல்லோருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும் உள்ள அனுமதிக் கடிதம் இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள். அறைக்குள் நுழைந்ததும் நான்கு மூலையையும் கைப்பேசியில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பொதுவான முன்பணம் ஒன்றும் வாங்கிவையுங்கள். சித்தி மகனுக்கு மட்டும் தனி விதி போட்டால் சித்திக்கு வருத்தம் வரும், எல்லோருக்கும் ஒன்றே என்றால் வராது.

சித்தி மகனின் பாக்கி

நான்கு இரவு, இரண்டு சாதாரண நாள், இரண்டு வார இறுதி. 5,000 புள்ளி, 560 வெள்ளி. மேசைக்கு 350. மொத்தம் 910 வெள்ளிக்குப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாமா என்கிறீர்கள். போக முடியாது. பொருளோ சேவையோ விற்பவர்மீது பயனீட்டாளர் புகார் செய்யும் இடம் அது. உங்கள் தம்பி விற்பனையாளர் அல்ல, நீங்கள் அவருடைய வாடிக்கையாளரும் அல்ல.

இரண்டு தொகையையும் பிரித்துப் பார்ப்போம். 1950ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 71 சொல்வது இது: ஒருவர் இன்னொருவருக்காகச் சட்டப்படி ஒன்றைச் செய்து, அதை இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாதிருந்து, மற்றவர் அதன் பயனை அனுபவித்திருந்தால், ஈடு கொடுக்க வேண்டும். உங்கள் 560 வெள்ளி விழுவது “இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல்” என்ற இடத்தில்தான். அவர் கேட்டபோது நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப்பை எனக்குப் படி எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்: “போய்ட்டு வாப்பா, எல்லாம் நம்ம வீடுதான்.” இதைப் படிக்கும் எவரும் விருந்து என்றே சொல்வார். குடும்பத்துக்குள் பேசிக்கொள்வதைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தமாக நீதிமன்றம் எளிதில் எடுத்துக்கொள்வதும் இல்லை. 1919இல் இங்கிலாந்தில் பால்ஃபர் தம்பதியர் வழக்கில் வகுக்கப்பட்ட அந்த அணுகுமுறை இங்கும் பேசப்படுகிறது. இந்த 560ஐ மனதார விட்டுவிடுங்கள்.

350 வேறு. நீங்கள் பணம் கட்டியபின் அவர் எழுதியிருக்கிறார்: “அக்கா, மேசைக்கு நான் பொறுப்பு, சம்பளம் வந்ததும் தந்துடுறேன்.” ஏற்கெனவே தாமாகச் செய்யப்பட்ட ஒன்றுக்குப் பின்னர் ஈடு தருவதாகச் சொல்லும் வாக்குறுதி செல்லும் என்கிறது நம் ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 26இல் உள்ள விதிவிலக்கு. அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள். ஒப்பந்தக் கடனுக்குக் காலவரம்பு ஆறு ஆண்டு, அவசரமில்லை. 350 வெள்ளிக்கு வழக்குப் போடச் சொல்லவும் மாட்டேன். “மேசைக் காசு 350ஐ மட்டும் மாதம் 70ஆகக் கொடு, அறைக்கு எதுவும் வேண்டாம்” என்று எழுதிப் பாருங்கள். கேட்கும் தொகை நியாயமாகக் குறைந்தால் கொடுப்பவருக்கும் வழி கிடைக்கும். அது முடியும்வரை அவருக்குப் புதிய பதிவு கிடையாது என்பதில் மட்டும் இளகாதீர்கள்.

கூட்டு வேண்டாம்

ஏழு குடும்பம் மாதம் 50 வெள்ளி போட்டு, குலுக்கலில் பெயர் விழுந்தவர் விடுமுறைக்காலப் புள்ளியை எடுத்துக்கொள்வது என்பது கொழுந்தனின் திட்டம். நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் பொது நிதியில் பணம் சேர்த்துக் குலுக்கலில் பிரிக்கும் கூட்டையும் சீட்டையும் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சொந்தக்காரர் ஏழு பேர் செலவைப் பகிர்வது அந்தத் தொழில் அல்ல என்று வாதாடலாம்தான், ஆனால் வாதாட வேண்டிய நிலைக்கு ஏன் போக வேண்டும்? அதைவிட எளிமையான காரணம், ஏழு வீட்டுப் பணத்துக்கு நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டிவரும். யாராவது ஆண்டுதோறும் பாதிப் புள்ளி வேண்டும் என்று உண்மையாகவே விரும்பினால், நிறுவனத்தின் சம்மதத்தோடு அவர் பெயரை உறுப்பியத்தில் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். வாய்மொழியாகப் பங்கு விற்காதீர்கள்.

உங்கள் கணவர் கோபத்தில் “கட்டணத்தையே கட்டாமல் விட்டுவிடுவோம், தானாக ரத்தாகிவிடும்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தானாக ஆகாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை கட்டணம் கடனாகச் சேரும், நிறுவனம் அதற்கு வழக்குப் போடலாம். வெளியேற விரும்பினால் ஒப்பந்தத்தில் என்ன வழி இருக்கிறது என்று எழுத்து மூலம் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். “உங்கள் டைம்ஷேரை விற்றுத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள்” என்று தொலைபேசியில் அழைப்பவர்களுக்கு ஒரு வெள்ளிகூட அனுப்பாதீர்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்ப ஒரு செய்தியை எழுதித் தருகிறேன், உங்கள் பேச்சுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

“எல்லாருக்கும் வணக்கம். எங்கள் விடுமுறை உறுப்பியத்துக்கு வருஷம் 1,120 வெள்ளி கட்டுறோம். இனிமே யார் தங்கினாலும் அந்தச் செலவில் பங்கு மட்டும் வாங்கிக்கிறோம், லாபம் எதுவும் இல்லை. சாதாரண நாள் 112, வெள்ளி சனி இரவு 168, ஸ்கூல் லீவிலும் பெருநாளிலும் 280. பதிவு செய்யும்போதே அனுப்பிடுங்க. சேதத்துக்குத் தங்குறவங்க பொறுப்பு. எங்கள் வீட்டுக்கு எடுத்தது போக மீதிதான் கிடைக்கும், முதலில் கேட்டவங்களுக்கு முதலில்.”

அண்ணனிடம் நேரில் பேசி முடித்த பிறகே இதை அனுப்புங்கள். அவர் இதைக் குழுவில் பார்த்துத் தெரிந்துகொள்ளக்கூடாது. அதற்கும் முன்னால் உங்கள் கணவர் படிக்கட்டும். உறுப்பியத்தில் இருவர் பெயரும் இருக்கிறது, அண்ணனுக்கு வைக்கும் விருந்து அவர் பணத்திலும்தான் நடக்கிறது.